ரிலே வாத்தியார்

பாலிடெக்னிக்கில் மின்னியல் துறையில் ரிலே பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். என் சொந்தக் காரின் ரேடியேட்டர் ஃபேனுக்கு ரிலே போடாமல் வயர் இழுத்தேன். வண்டி எரியப் பார்த்தது. இந்த அளவோடு நின்றிருந்தால் வயதான காலத்துக் கிறுக்குத்தனம் என்று சிரித்து விட்டிருப்பார்கள். நான் நிற்கவில்லை. அந்த வயரிங் என்னுடையது அல்ல, வேறொருவர் செய்தது என்று நாலு பேர் நம்பும்படி சொன்னேன். அந்த வேறொருவருக்குக் கடை இருக்கிறது, பிழைப்பு இருக்கிறது. எழுத வந்தது அதைப் பற்றி. வயரிங் கதை இல்லாமல் அது புரியாது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

வண்டி, 1964-ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு, 948 சிசி. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்று விற்றதையே 1961 முதல் மெட்ராஸில் செய்தார்கள். இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த உருவம். அம்பாசடர் கல்கத்தா பக்கத்துச் சரக்கு, ஃபியட் பம்பாய்ச் சரக்கு. அந்தக் காலத்தில் நம் ஊர்க் கார் என்று சொல்லிக்கொள்ள இருந்தது இது. இதன் பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டு. இரண்டு பக்கக் கொக்கிகளையும் விடுவித்து முன்னால் சாய்த்தால் எஞ்சின் மொத்தமும் வெட்டவெளியில் நிற்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே பிளக் கழற்றலாம். என்னைப் போன்ற அரைகுறைகள் இந்த வண்டியில் துணிந்து கை வைப்பதற்கு இந்த வசதிதான் காரணம்.

கம்பெனி கொடுத்த ஃபேன், கிராங்க் புல்லியிலேயே போல்ட் போட்டு இறுக்கியது. எஞ்சின் சுற்றும் வேகம்தான் அதன் வேகம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும், ஃபேன் தேவையில்லை. சிக்னலில் நிற்கும்போதுதான் காற்று வேண்டும். அப்போது எஞ்சின் எழுநூறு எண்ணூறு சுற்றில் முனகிக்கொண்டிருக்கும், ஃபேனும் கூடவே சோம்பிச் சுற்றும். 1964-இன் மவுண்ட் ரோட்டுக்கு அது தாங்கியிருக்கும். மே மாத மதியத்தில் கத்திப்பாராவில் மாட்டிக்கொண்டால் தாங்காது. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், கோர் மாற்றினேன், 82 டிகிரி தெர்மோஸ்டாட் புதிதாகப் போட்டேன். முள் சிவப்புக்குப் போவது குறைந்தது, நிற்கவில்லை.

எலக்ட்ரிக் ஃபேன் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். புதுப்பேட்டையில் பழைய மாருதி 800 ஃபேன் ஒன்று, மோட்டாரோடும் கூண்டோடும் கிடைத்தது. பழைய வண்டிக்காரர்கள் பலர் செய்வதுதான். கிராங்க் ஃபேனைக் கழற்றிவிட்டு, அந்த இடைவெளியில் ரேடியேட்டருக்குப் பின்னால் இதை மாட்ட வேண்டும். அதற்குத் தாங்கி அடித்துக் கொடுத்தவர், எங்கள் பகுதியில் ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி. பழைய லூகாஸ் வயரிங் புரிந்தவர்கள் இப்போது சொற்பம். அவருக்குப் புரியும். என் வண்டியில் ஹாரன், வைப்பர் வேலையெல்லாம் அவர் கை.

தாங்கியை மாட்டி முடித்ததும் அவர் சொன்னார்: "வயரிங்கையும் நானே முடிச்சுடறேன் சார். ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், ரேடியேட்டர்ல ஒரு தெர்மோ சுவிட்சு. ஒரு மணி நேர வேலை."

"சுவிட்சு வழியா நேரா குடுத்தா என்ன?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை. பதில் எனக்குத் தெரியும். வாத்தியார் புத்தி, கேள்வி கேட்டுப் பழகிவிட்டது.

"வேணாம் சார். சுவிட்சு வேலை சொல்ற ஆளு. மூட்டை தூக்குறது ரிலேதான். சுவிட்சு தலையில மூட்டைய வெச்சா கருகிடும்."

ரிலேவைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக நான் வகுப்பில் சொன்னதில்லை. பாராட்டியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் கடையில் என் பழைய மாணவன் ஒருவன் பைக் செல்ஃப் மோட்டாரைக் காட்ட வந்து நின்றிருந்தான். "அண்ணே, யாருக்கு ரிலே சொல்லித் தர்றீங்க? எங்களுக்கெல்லாம் ரிலே சொல்லிக் குடுத்ததே சார்தான்" என்று சிரித்தான். எலக்ட்ரீஷியனும் கூச்சத்தோடு சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே ஏதோ சுருக்கென்றது. "வயரிங்கை நானே பார்த்துக்கறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பும்போது ஜன்னல் பக்கம் குனிந்து, "பாசிட்டிவ் எர்த் வண்டி சார். ஃபேனோட கறுப்பு வயரை பாடியில போட்டா தலைகீழா சுத்தும்" என்றார். அதையும் ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு எரிச்சலோடு தலையாட்டினேன்.

பிறகு ஏன் ரிலே போடவில்லை என்று கேட்டவர்களுக்கு நான் வைத்திருந்த பதில், "வண்டியின் பழமை கெடக்கூடாது, கறுப்பு பிளாஸ்டிக் டப்பா எஞ்சின் பக்கம் தெரிந்தால் அசிங்கம்" என்பது. பொய். மாருதி ஃபேன் மாட்டிய ஹெரால்டில் என்ன பழமை மிச்சம்? காசும் காரணமில்லை. அவர் சொன்னபடி செய்தால் அவரிடம் கற்றுக்கொண்டதாகிவிடும் என்ற ஒரே காரணம்தான்.

அதனால் கணக்குப் போட்டேன். படித்தவன் செய்யும் தப்பு எப்போதும் கணக்கோடு வரும். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில், ஃபேன் ஓடும்போது இழுப்பது 9 ஆம்பியர், மின்கடையில் வாங்கிய சுவிட்சு தாங்குவது 10 ஆம்பியர், ஆகவே பாதுகாப்பானது என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த சுவிட்சின் முதுகில் 250 வோல்ட் ஏ.சி. என்று பொறித்திருந்ததைப் படித்தேன். படித்தும் போட்டேன். மாற்று மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. சுவிட்சைத் திறக்கும்போது எழும் பொறி அந்தப் பூஜ்யத்தில் அணைந்துவிடும். பேட்டரி மின்னோட்டத்துக்குப் பூஜ்யம் கிடையாது. பொறி இழுத்துக்கொண்டே நிற்கும், முனைகளைத் தின்னும். அது போக, மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும் அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு மின்சாரம் குடிக்கும். இந்த இரண்டையும் பரீட்சையில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன். சரியாக எழுதாதவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுத்தேன் என்பது இன்னும் மோசம். லூகாஸ் வயரிங்கில் நிறக் கணக்கு தெளிவானது. பிரவுன் வயர் பேட்டரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை, சாவி போட்ட பிறகு உயிர் வருவது. கறுப்பு, எர்த். சாவியை எடுத்தால் ஃபேனும் நிற்க வேண்டும் என்பதற்காக டேஷ்போர்டுக்குப் பின்னால் இக்னிஷன் சுவிட்சின் வெள்ளை வயரைச் சுரண்டி, என் வயரை அதில் முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றினேன். சால்டர் வைக்கவில்லை. தலைகீழாகப் படுத்து வேலை செய்து கழுத்து வலித்தது, விட்டுவிட்டேன். இக்னிஷன் காயிலுக்கு மூன்று நான்கு ஆம்பியர் கொடுப்பதற்காகப் போட்ட அறுபது வருடத்து வயரின் மேல் இன்னொரு ஒன்பதை ஏற்றினேன். என் வண்டியில் அந்த வழியில் ஃபியூஸ் எதுவும் கிடையாது. நானும் போடவில்லை.

முதல் சோதனையில் ஃபேன் சுற்றியது. ஒரு துண்டு செய்தித்தாளைக் கிரில்லுக்கு முன்னால் பிடித்தேன். சரியான திசையில் சுற்றினால் காற்று உள்ளே இழுத்து, தாள் ரேடியேட்டரில் போய் ஒட்டிக்கொள்ளும். தாள் என் மூக்கில் வந்து ஒட்டியது. கறுப்பு வயரைப் பழக்கதோஷத்தில் பாடியில் போட்டிருந்தேன். பேட்டரியின் பாசிட்டிவ் பாடியோடு சேர்ந்த வண்டியில் மோட்டார் திரும்பிச் சுற்றத்தான் செய்யும். இரண்டு வயரையும் மாற்றிப் போட்டேன். சுற்றுமுற்றும் பார்த்தேன், யாரும் இல்லை. எலக்ட்ரீஷியன் சொன்னது சரியாகப் போயிற்று என்று அப்போதே ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வந்திருந்தால் பின்னால் வந்தது எதுவும் வந்திருக்காது.

கோடை முழுக்க ஃபேன் நன்றாகவே வேலை செய்தது. முள் நடுவில் நின்றது. வண்டி சில அறிகுறிகளையும் காட்டியது. சுவிட்சின் கழுத்து விரல் வைத்தால் சுட்டது, வெயில் என்றேன். ஃபேனைப் போட்டதும் டேஷ்போர்டு விளக்கு மங்கியது. டைனமோ வண்டிக்கு அதெல்லாம் சகஜம் என்றேன். சாவியை அணைத்தபிறகும் எஞ்சின் ஓரிரு நொடி ஓடி நின்றது. உள்ளே கரி பிடித்திருக்கிறது, கார்பரேட்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். உண்மையில், மின்சாரம் நின்ற பிறகும் சுழன்றுகொண்டிருந்த ஃபேன் மோட்டார் தானே ஒரு டைனமோவாகி, என் முறுக்கு வழியாக இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டிருந்தது. நிரந்தரக் காந்த மோட்டாரைச் சுற்றினால் மின்சாரம் வரும் என்பது முதலாண்டுப் பாடம். மாணவன் யாராவது இந்த மூன்று அறிகுறிகளையும் கொண்டுவந்து சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் விடை சொல்லியிருப்பேன்.

செங்கல்பட்டில் ஒரு சீமந்தத்துக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் என் மனைவி, பின் சீட்டில் பேரன் தூக்கத்தில். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூருக்கு முன்பே நெரிசல் பிடித்துக்கொண்டது. ஹெட்லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, எஞ்சின் ஐடிலில் நிற்கிறது. முதலில் வாசனை. பால் பொங்கி அடுப்பில் விழுந்தது போலவும் இல்லை, ரப்பர் போலவும் இல்லை. "ஏங்க, என்னமோ கருகுது" என்றாள் மனைவி. பக்கத்து லாரியாக இருக்கும் என்றேன். அடுத்த நிமிடம் ஸ்பீடோமீட்டருக்குக் கீழிருந்து மெல்லிய வெள்ளைப் புகை என் முட்டியைத் தொட்டுக்கொண்டு மேலே வந்தது.

சாவியை அணைத்தேன். எஞ்சின் நின்றது, ஃபேன் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தைத்தான் இப்போதும் தூக்கத்தில் கேட்கிறேன்: எஞ்சின் அடங்கிய அமைதியில் மாருதி ஃபேன் மட்டும் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை வயரின் தோல் உருகி, முறுக்கு கருகி விட்டுப்போய், அதே கட்டில் ஓடிய பிரவுன் வயரோடு என் வயர் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரவுனுக்குச் சாவியும் கிடையாது, ஃபியூஸும் கிடையாது. பேட்டரி தீரும்வரை அது கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இரண்டு கதவு வண்டி. பின்னால் இருப்பவர் இறங்க வேண்டுமானால் முன்னால் இருப்பவர் இறங்கி, சீட்டை மடக்க வேண்டும். மனைவி இறங்கிச் சீட்டை இழுத்தாள். அது மடங்க மறுத்தது; அதன் கொக்கியை நான்தான் சரிசெய்யாமல் வைத்திருந்தேன். பேரன் புகையில் விழித்து அழ ஆரம்பித்தான். அவள் கையை விட்டு அவனை இழுத்த விதத்தில் அவன் முழங்கையில் தோல் உரிந்துபோயிற்று. நான் அப்போது பானட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் ஒரு பக்கக் கொக்கியை மட்டும் விடுவித்துவிட்டு, ஏன் திறக்கவில்லை என்று இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற லாரியின் கிளீனர் பையன் ஓடிவந்து, "தள்ளுங்க ஐயா" என்று மறுபக்கக் கொக்கியைத் தட்டிவிட்டு, கையில் கொண்டுவந்த ஸ்பேனரால் பேட்டரி கேபிளைக் கழற்றினான். ஃபேன் நின்றது. தீ வரவில்லை. வந்திருந்தால் அணைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

வண்டியை ஓரம் தள்ளினோம். கூட்டம் கூடியது. "என்ன சார் ஆச்சு?" என்று யாரோ கேட்டார்கள். யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது, யோசிக்காமலே வந்தது.

"வயரிங் பண்ணின எலக்ட்ரீஷியன் சரியில்லைங்க. ரிலேயே போடலை."

மனைவி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அந்தத் தம்பியா? நல்லா செய்வாரே?" என்றாள். "செஞ்ச லட்சணம்தான் பாக்கறியே" என்றேன். நான் தலைகீழாகப் படுத்து முறுக்கிய நாளில் அவள் ஊரில் இல்லை. சாட்சியில்லாத குற்றம் எவ்வளவு வசதி என்பது அப்போது புரிந்தது.

நடுரோட்டில் பயத்தில் வந்த பொய் என்று அதை மட்டும் மன்னித்துக்கொள்ளலாம். அடுத்து வந்ததற்கு அந்தச் சாக்கு கிடையாது. பழைய கார் வைத்திருக்கும் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுவோம். விஷயம் கேள்விப்பட்டு, "நீங்க ரிலே மாஸ்டராச்சே, அடுத்த கூட்டத்துல வயரிங் பாதுகாப்பைப் பத்தி பேசுங்களேன்" என்றார்கள். ஒத்துக்கொண்டேன். கருகிய வயர்க் கட்டை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு போனேன். வெள்ளைப் பலகையில் படம் போட்டு, ஒரு முறுக்கு இணைப்பின் தடை 0.3 ஓம் ஆனால் 9 ஆம்பியரில் அங்கே 24 வாட் வெப்பம் பிறக்கும், அது ஒரு சால்டரிங் அயர்னின் வெப்பம், டேஷ்போர்டுக்குள் ஒரு அயர்னைச் செருகி வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன் என்றெல்லாம் விளக்கினேன். ஒரு எழுத்துகூடத் தவறில்லாத பாடம். "இந்த மாதிரி ஆட்கள்கிட்ட வண்டியைக் கொடுத்தா இதுதான் கதி" என்று முடித்தேன். கைதட்டினார்கள். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லை. என் வண்டி வேலை யாரிடம் நடக்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்லவில்லை என்பதை ஒரு நாகரிகமாகக்கூட அன்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

கூட்டத்தில் ஒருவர் ஃபியட் 1100 வைத்திருக்கிறார். முழு வண்டிக்கும் புது வயரிங் போட எலக்ட்ரீஷியனிடம் பேசி வைத்திருந்தார். கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது என்னிடம் வந்து, "நல்ல வேளை சார், சொன்னீங்க. வேற ஆளைப் பார்க்கறேன்" என்றார். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். காபி ஆறுகிறது என்று குடித்தேன். ஒரு காருக்கு முழு வயரிங் என்றால் ஒரு சின்னக் கடைக்கு எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாதா?

வேடிக்கை என்னவென்றால், என் வண்டியைச் சரிசெய்ய வேறு யாரும் முன்வரவில்லை. இரண்டு மூன்று கடைகளில் பாசிட்டிவ் எர்த் என்றதும் கை கழுவினார்கள். கடைசியில் அவரிடமே போக வேண்டியதாயிற்று. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. டேஷ்போர்டைக் கழற்றி, கருகாமல் மிச்சமிருந்த என் முறுக்கு ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். ஃபேன் பக்கத்தில் இருந்தது அது. டேப்பை நிதானமாக உரித்தார். உள்ளே கம்பிகள் வலப்பக்கமாகவும் இடப்பக்கமாகவும் கன்னாபின்னாவென்று முறுக்கியிருந்தன.

"நான் ஸ்லீவ் போடாம ஜாயின்ட் விட மாட்டேன் சார்" என்றார்.

கடைப் பையன் எதிரில் நின்றிருந்தான். நான் அவனை டீ வாங்க அனுப்பினேன். அப்போதும் சாட்சி இல்லாமல் பார்த்துக்கொண்டேன், கவனியுங்கள். அவன் போனதும், "மன்னிச்சுடு தம்பி. நான்தான் போட்டேன். பழியை உன் மேல போட்டுட்டேன்" என்றேன்.

"தெரியும் சார். ஃபியட் சார் போன்லயே சொல்லிட்டாரு" என்றார். கொஞ்ச நேரம் வேலையைப் பார்த்தார். பிறகு திரும்பாமலே, "என்கிட்ட சொல்லி என்ன சார் ஆகும்? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு நட்டு எங்கே போட வேண்டும் என்று சொல்வது போல இருந்தது.

அவர் போட்ட வயரிங்கை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். நாலு முனை ரிலே. மின்சாரம் வந்து சேர்வது 30-ஆம் முனையில், அதற்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ். 87-இலிருந்து ஃபேனுக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர். ஃபேனின் மறு வயர் சுத்தமாகச் சுரண்டிய இடத்தில் பாடிக்கு. 86-இல் சாவி போட்டதும் உயிர் வரும் வெள்ளை வயர். 85-இலிருந்து ரேடியேட்டரின் தெர்மோ சுவிட்சு வழியாக எர்த். தண்ணீர் 92 டிகிரியைத் தொட்டால் சுவிட்சு சேரும், 87-க்கு இறங்கினால் பிரியும். ரிலேயின் காயில் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான். வெள்ளை வயருக்கு இப்போது அந்தச் சுமை மட்டும். சில ரிலேக்களில் காயிலுக்குக் குறுக்கே டயோடு வைத்திருப்பார்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் 85, 86 இரண்டையும் வழக்கப்படி மாட்டினால் டயோடு வழியாக ஷார்ட் ஆகிவிடும். டயோடு இல்லாத ரிலேயாகப் பார்த்து வாங்கினார். ஒவ்வொரு முனைக்கும் திம்பிள் அழுத்தி, சால்டர் தொட்டு, ஸ்லீவ் போட்டார்.

எனக்குத் தெரியாத ஒன்றையும் செய்தார். நான் பேட்டரி முனையிலிருந்துதான் எடுத்திருப்பேன். அவர் டைனமோவின் கன்ட்ரோல் பாக்ஸில் ஏ-1 என்று போட்ட முனையிலிருந்து எடுத்தார். ஏன் என்று கேட்டேன். இந்த முறை தெரியாமல்தான் கேட்டேன். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சுற்று, வண்டிச் சுமையையும் பேட்டரி சார்ஜையும் பிரித்துப் பார்த்துத்தான் டைனமோவை அடக்குகிறது. பேட்டரிப் பக்கம் சுமையைப் போட்டால் பேட்டரியே அவ்வளவு குடிக்கிறது என்று நினைத்து டைனமோவைத் தணித்துவிடும் என்றார். வீட்டுக்கு வந்து படம் போட்டுப் பார்த்தேன். சரிதான். அதுவும் ஒரு ரிலே போன்ற கருவிதான். என் பாடத்திட்டத்தில் அது இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு சிக்கல் பாக்கி. இந்த வண்டி டைனமோ அதிகபட்சம் கொடுப்பது 22 ஆம்பியர், அதுவும் எஞ்சின் வேகமாக ஓடும்போது. ஐடிலில் அது கொடுப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஃபேன் ஓடுவதோ ஐடிலில்தான். ஆக நெரிசலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பேட்டரியைத் தின்றுகொண்டுதான் நிற்கிறேன். இரவில் ஹெட்லைட்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆல்டர்னேட்டர் போட்டு, வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவதுதான் ஒழுங்கான வழி என்கிறார் தம்பி. இப்போதைக்கு ராத்திரியில் வண்டி எடுப்பதில்லை.

கூலியோடு கூடுதலாகக் கொஞ்சம் வைத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, கூடுதலைத் திருப்பிக் கொடுத்தார். அதை அவர் வாங்கியிருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நான் கூட்டத்தில் சொல்லாமலே இருந்திருப்பேன். அவருக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் கூட்டங்கள் நடந்தன. ஒருமுறை காய்ச்சல் என்று போகவில்லை. போன இடத்திலும் பேச்சு டயர் விலையில் போய்விட்டது, நானும் சேர்ந்து டயர் விலையைப் பேசினேன். வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இதன் ஒரு பிரதி கூட்டத்தை நடத்துபவருக்குப் போயிருக்கிறது, இன்னொன்றை மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பையன் கையில காயம் பட்டதை மட்டும் எழுதிட்டு, அந்தக் கொக்கியை இன்னும் சரி பண்ணாம வெச்சிருக்கீங்களே" என்றாள். அன்று சாயங்காலமே சரிசெய்தேன்.

ஃபியட் நண்பருக்குத் தனியாக ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "என்ன சார் நீங்க" என்றார். பிறகு, "வேலை முடிஞ்சு வண்டி வந்துடுச்சே" என்றார். ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் ரிலே போட்டிருக்கிறார்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். எலக்ட்ரீஷியனின் எண்ணை மறுபடி அனுப்பி, ஒருமுறை அவரிடம் காட்டச் சொன்னேன். அவர் காட்டுவாரா, தம்பி பார்ப்பாரா, இரண்டும் என் கையில் இல்லை.